பெயர் எழுதப்படாதவர்களின் சபை

படிக்காத பன்னிரண்டு மீனவர்கள் ரோமப் பேரரசை வென்றார்கள் என்ற பேச்சைச் சிறுவயதிலிருந்தே கேட்டு வருகிறேன். கன்வென்ஷன் மேடையில், ஞாயிறு பிரசங்கத்தில், பள்ளி ஆண்டுவிழாவில், வேதபாடத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் வகுப்பில் என்று அது வராத இடமில்லை. அண்மைக் காலத்தில் இந்தப் பேச்சுக்கு ஒரு புது வாழ்வு கிடைத்திருக்கிறது. ஊருக்கு ஊர் சுவரொட்டிகளில், தம் பெயருக்கு முன்னால் ‘அப்போஸ்தலர்’ என்று போட்டுக்கொள்கிற ஊழியர்கள் பெருகி வருகிறார்கள். சில மாதங்களுக்கு முன் ஒரு சபையின் ஆண்டுவிழாவில் அப்படிப்பட்ட ஒருவர் இந்தப் பட்டத்துக்கு நியாயம் சொன்னார். ஆதிச் சபை வளர்ந்தது அப்போஸ்தலரால். இன்றைய சபை தேங்கி நிற்பது அப்போஸ்தலர் இல்லாததால். ஆகவே அந்த ஊழியம் திரும்ப வரவேண்டும். சொன்னவர் நம்பித்தான் சொன்னார். கேட்டவர்களும் தலையசைத்தார்கள்.

இந்த வாதத்தைப் பழைய சபைகள் ஏற்பதில்லை. ஆனால் அவர்கள் நிற்பதும் அதே அடித்தளத்தில்தான். எங்கள் ஆயர்களின் வரிசை அப்போஸ்தலரைத் தொடுகிறது என்று ஒரு சபை சொல்கிறது. எங்கள் சபையை நிறுவியவரே அப்போஸ்தலர் என்று இன்னொரு சபை சொல்கிறது. பட்டத்தை யார் வைத்துக்கொள்வது என்பதில்தான் சண்டை. ஆதிக் கிறிஸ்தவத்தின் வளர்ச்சி என்பது அப்போஸ்தலரின் செயல் என்பதில் எல்லாருக்கும் உடன்பாடு. நான் எடைபோட விரும்புவது அந்த உடன்பாட்டைத்தான்.

அப்போஸ்தலருக்கு உரியதை முதலில் கொடுத்துவிடுவோம். உயிர்த்தெழுதலைக் கண்டோம் என்று சொன்னவர்களின் சாட்சி இல்லாமல் இந்த இயக்கம் தொடங்கியே இருக்காது. 49ஆம் ஆண்டை ஒட்டி எருசலேமில் கூடிய சங்கம், விருத்தசேதனம் இல்லாமலே புறஜாதியார் சபைக்குள் வரலாம் என்று முடிவெடுத்தது. பேதுருவும் இயேசுவின் சகோதரர் யாக்கோபும் அன்று வேறு மாதிரிப் பேசியிருந்தால் கிறிஸ்தவம் யூத மதத்தின் ஒரு கிளையாகவே நின்றிருக்கலாம். பவுலின் நிருபங்களே நம் கைக்குக் கிடைத்திருக்கும் ஆகப் பழைய கிறிஸ்தவ எழுத்துகள். செபெதேயுவின் மகன் யாக்கோபு ஏரோதின் வாளுக்கு இரையானார். பேதுருவும் பவுலும் நீரோ காலத்தில் ரோமில் இறந்தார்கள் என்ற மரபை மறுக்கப் பெரிய காரணம் எதுவும் இல்லை. இவை சிறிய காரியங்கள் அல்ல. நான் இவற்றைக் குறைத்துப் பேச வரவில்லை.

என் கேள்வி வளர்ச்சியைப் பற்றியது. ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு, ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு இந்தச் செய்தியைக் கொண்டுபோனவர்கள் யார்?

இதற்கு வெளியே போய்ச் சான்று தேட வேண்டியதில்லை. ‘அப்போஸ்தலருடைய நடபடிகள்’ என்று நாம் பெயர் வைத்திருக்கும் நூலே போதும். அந்தத் தலைப்பைப் பார்த்துவிட்டு உள்ளே போகிறவருக்கு முதல் வியப்பு காத்திருக்கிறது. முதல் அதிகாரத்தின் பெயர்ப்பட்டியலுக்குப் பிறகு பன்னிருவரில் ஒன்பது பேர் தனிப்பெயரோடு ஒரு முறைகூட வருவதில்லை. யூதாசின் இடத்துக்குச் சீட்டுப்போட்டுத் தெரிந்தெடுத்த மத்தியா, தெரிந்தெடுக்கப்பட்ட அன்றோடு காணாமல் போகிறார். யோவான் பேதுருவின் பக்கத்தில் நிற்கிறார். யாக்கோபு கொல்லப்படுகிறார். எஞ்சுகிற பேதுருவும் 15ஆம் அதிகாரத்தோடு நூலைவிட்டுப் போய்விடுகிறார். அதன்பின் மேடை முழுவதும் பவுலுக்கு. அவரோ பன்னிருவரில் ஒருவர் அல்ல. படிக்காதவரும் அல்ல, மீனவரும் அல்ல. மீன்பிடித் தொழில் செய்தவர்கள் என்று சுவிசேஷங்கள் தெளிவாகக் காட்டுவதும் நால்வரைத்தான்.

இரண்டாவது வியப்பு 8ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஸ்தேவான் கல்லெறிந்து கொல்லப்பட்டபின் எருசலேம் சபை சிதறடிக்கப்படுகிறது. சிதறிப்போனவர்கள் போன இடமெல்லாம் வசனத்தை அறிவித்தார்கள் என்று நூலாசிரியரான லூக்கா எழுதுகிறார். சிதறாமல் எருசலேமிலேயே தங்கியவர்கள் யார் என்பதையும் அவரே சொல்லிவிடுகிறார். அப்போஸ்தலர். கிறிஸ்தவம் முதன்முதலாக எருசலேமின் மதில்களைத் தாண்டிப் பெருமளவில் பரவிய அந்தக் கட்டத்தில், அனுப்பப்பட்டவர்கள் என்று பெயர் பெற்றவர்கள் ஊரிலேயே இருந்தார்கள். போனவர்களை யாரும் அனுப்பவில்லை. துரத்தப்பட்டுப் போனார்கள்.

அவர்களில் சிலர் அந்தியோகியாவுக்குப் போனார்கள். ரோமுக்கும் அலெக்சாந்திரியாவுக்கும் அடுத்தபடியாக அந்தப் பேரரசின் மிகப் பெரிய நகரம் அது. அதுவரை யூதருக்கு மட்டுமே சொல்லப்பட்டு வந்த செய்தியை அங்கே கிரேக்கருக்கும் சொன்னார்கள். கிறிஸ்தவத்தின் வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் உண்டா? அதைச் செய்தவர்களின் பெயர் என்ன? சீப்புருதீவாரும் சிரேனே பட்டணத்தாருமான சிலர். அவ்வளவுதான் இருக்கிறது. அந்த ஊரில்தான் சீஷர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்ற பெயரே முதலில் வழங்கியது. அந்த ஊர்ச் சபைதான் பின்னால் பவுலையும் பர்னபாவையும் பயணம் அனுப்பியது. மாபெரும் அப்போஸ்தலராகிய பவுலை உலகத்துக்குக் கொடுத்ததே பெயர் தெரியாத சிலர் கட்டிய ஒரு சபை.

இதற்கு ஒரு பதில் உண்டு. அதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். 10ஆம் அதிகாரத்தில் பேதுரு தரிசனம் கண்டு, புறஜாதியாரான கொர்நேலியுவின் வீட்டுக்குள் போனதால்தான் புறஜாதியாருக்குக் கதவு திறந்தது, அந்தியோகியா அதற்குப் பிறகுதானே என்பார்கள். லூக்கா அந்த வரிசையில் வைத்திருப்பது உண்மை. பேதுருவின் தரிசனத்துக்கு எருசலேமில் பெரிய எடை இருந்ததும் உண்மை. ஆனால் அந்தியோகியாவுக்குப் போனவர்களைப் பேச வரும்போது லூக்கா கதையைப் பின்னுக்கு இழுத்து, ஸ்தேவானின் மரணத்திலிருந்து தொடங்குகிறார். கொர்நேலியுவைப் பற்றிக் கேள்விப்பட்டு அவர்கள் துணிந்தார்கள் என்று ஒரு சொல்லும் இல்லை. யாரிடமும் அனுமதி கேட்டார்கள் என்றும் இல்லை. அவர்கள் பேசினார்கள், ஊர் கேட்டது, செய்தி எருசலேமுக்கு எட்டியது, எருசலேம் பர்னபாவை அனுப்பிப் பார்த்தது. வந்து பார்த்த பர்னபா மகிழ்ந்தார்.

இந்த ஒழுங்கைக் கவனித்துவிட்டால் நூல் முழுவதும் அது கண்ணில் படும். சமாரியாவில் முதலில் பிரசங்கித்தது பிலிப்பு. அவர் பன்னிருவரில் ஒருவரான பிலிப்பு அல்ல, பந்தி விசாரிக்க நியமிக்கப்பட்ட எழுவரில் ஒருவர். பேதுருவும் யோவானும் பின்னால் வந்து கை வைக்கிறார்கள். தமஸ்குவில் பவுல் கண்ணிழந்து நுழையும்போது அங்கே ஏற்கனவே அனனியா இருக்கிறார். பேதுரு லித்தாவுக்கு வருகையில் அங்கே பரிசுத்தவான்கள் ஏற்கனவே குடியிருக்கிறார்கள். பவுல் கைதியாகப் புத்தேயோலித் துறைமுகத்தில் இறங்கினால் அங்கேயும் சகோதரர்கள். ஏழு நாள் தங்கிப்போகச் சொல்கிறார்கள். அப்போஸ்தலர் போய்ச்சேரும் இடத்தில் விசுவாசிகள் முன்பே வந்து குடியேறிவிட்டார்கள். பல ஊர்களில் அப்போஸ்தலர் செய்தது நட்ட வேலை அல்ல, வந்து பார்த்துப் பந்தல் போட்ட வேலை.

ரோமை எடுத்துக்கொள்வோம். அப்போஸ்தலர் வாதத்தின் மணிமுடியே ரோம்தானே. பவுல் 57ஆம் ஆண்டை ஒட்டி அந்தச் சபைக்கு நிருபம் எழுதும்போது அவர் அந்த நகரத்தை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. வேறொருவர் போட்ட அஸ்திபாரத்தின்மேல் தாம் கட்டுவதில்லை என்ற தம் வழக்கத்தையும் அதே நிருபத்தில் சொல்கிறார். கடைசி அதிகாரத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். அந்தப் பட்டியலில் பேதுரு இல்லை. அதற்கும் முன்னே, கிலவுதியு பேரரசர் யூதரை ரோமைவிட்டு வெளியேற்றியபோது ‘கிரெஸ்து’ என்ற ஒருவரின் பேரில் எழுந்த கலகமே காரணம் என்று ரோம வரலாற்றாசிரியர் சுவேதோனியு எழுதிவைத்திருக்கிறார். அது கிறிஸ்துவைப் பற்றிய தகராறுதான் என்பது அறிஞர் பலருடைய கருத்து. அப்படியானால் 49ஆம் ஆண்டை ஒட்டியே ரோமின் ஜெப ஆலயங்களில் இந்தச் செய்தி புகுந்துவிட்டது. கொண்டுபோனவர் யார் என்று எவருக்கும் தெரியாது. பின்னாளில் பவுல் சங்கிலியோடு ரோமை நோக்கி நடந்து வருகையில், ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அப்பியுபுரம்வரை நடந்து வந்து அவரை எதிர்கொண்டவர்கள் அந்தப் பெயர் தெரியாத சபையார்தான். அவர்களைக் கண்டு பவுல் தைரியமடைந்தார் என்று லூக்கா எழுதுகிறார். யார் யாரைத் திடப்படுத்தினார்கள் என்று பாருங்கள்.

ஆனால் 180ஆம் ஆண்டை ஒட்டி எழுதிய இரேனியு, ரோமச் சபையை நிறுவியவர்கள் பேதுருவும் பவுலும் என்கிறார். பவுலின் சொந்த நிருபமே அதற்கு எதிர்ச்சாட்சி. இரேனியு பொய் சொல்கிறவர் அல்ல. அவருக்கு ஒரு நெருக்கடி இருந்தது. ரகசிய ஞானம் எங்களிடம் இருக்கிறது என்று சொன்ன குழுக்களுக்கு எதிராக, எங்கள் போதனை வெளிப்படையானது, அப்போஸ்தலரிடமிருந்து ஆயர் வழியாகக் கைமாறி வந்தது என்று அவர் காட்டியாக வேண்டியிருந்தது. அதற்கு ஒவ்வொரு பெரிய சபைக்கும் ஓர் அப்போஸ்தலர் தேவைப்பட்டார். போதனையைக் காக்க அன்று அது நல்ல வேலியாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேலி போடப் பயன்பட்ட பட்டியல் வரலாறாக மாறிவிட்டது. இரேனியு ஆயராக இருந்தது லியோன் நகரத்தில். 177ஆம் ஆண்டில் அங்கே நடந்த கொடுமையைப் பற்றி அந்தச் சபையார் ஆசியாவிலும் பிரிகியாவிலும் இருந்த சபைகளுக்குக் கடிதம் எழுதினார்கள். அங்கிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் வழியாகச் சபை தோன்றியது என்று ஊகிக்க அந்தக் கடிதமே இடம் தருகிறது. நிறுவியவரின் பெயர் இல்லை. அந்தக் கடிதத்தில் மனதில் நிற்கும் பெயர் பிளாந்தினா. அவள் ஓர் அடிமைப் பெண். தன் சபை எப்படி உண்டாயிற்று என்பதை இரேனியு நினைத்துப் பார்த்திருந்தால் ரோமைப் பற்றி வேறு மாதிரி எழுதியிருக்கலாம்.

இரேனியுவுக்குப் பின் வந்தவர்கள் அவரையும் தாண்டிப் போனார்கள். பேதுரு நடபடிகள், யோவான் நடபடிகள், அந்திரேயா நடபடிகள், தோமா நடபடிகள் என்று 2ஆம், 3ஆம் நூற்றாண்டுகளில் கதைகள் பெருகின. உலகத்தை வரைபடம்போல விரித்துச் சீட்டுப்போட்டு அப்போஸ்தலருக்குப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய யூசேபியு, பார்த்தியா தோமாவுக்கு, சித்தியா அந்திரேயாவுக்கு, ஆசியா யோவானுக்கு என்று பாகம் பிரித்ததை மரபாகப் பதிந்தார். நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிற வரலாறு அங்கிருந்து வந்தது.

பெயர் இல்லாதவர்கள் என்ன ஆனார்கள்? அவர்களை நான் கற்பனையில் உண்டாக்கவில்லை. அவர்களைப் பற்றிய சான்று கிடைப்பது பெரும்பாலும் அவர்களை வெறுத்தவர்களிடமிருந்து. 112ஆம் ஆண்டை ஒட்டிப் பித்தினியா மாகாணத்தின் ஆளுநர் பிளினி, பேரரசர் திராயானுக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்த மூடநம்பிக்கை நகரங்களை மட்டுமல்ல, கிராமங்களையும் வயல்வெளிகளையும் பிடித்துவிட்டது, கோயில்கள் வெறிச்சோடிக் கிடந்தன என்பது அவருடைய முறையீடு. உண்மையை வரவழைக்க அவர் இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்தார். சபையார் அவர்களை ஊழியக்காரிகள் என்று அழைத்ததாகவும் சொல்கிறார். அவர்களுடைய பெயரை அவர் எழுதவில்லை. பவுல் பித்தினியாவுக்குப் போக முயன்று ஆவியானவரால் தடுக்கப்பட்டார் என்பது நடபடிகள் 16ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பேதுருவின் பெயரிலுள்ள முதல் நிருபம் அந்த நாட்டாருக்கும் எழுதப்பட்டது. ஆனால் அவர்களுக்குச் சுவிசேஷத்தை அறிவித்தவர்களை அந்த நிருபமே வேறு ஆட்களாகக் குறிப்பிடுகிறது. அப்போஸ்தலருக்கு வழி அடைக்கப்பட்ட ஒரு நாட்டில், இரண்டு தலைமுறைக்குள், கோயில்கள் காலியாகும் அளவுக்குச் செய்தி பரவியிருந்தது. அதைச் சுமந்தவர்களில் நமக்குத் தெரிந்த இருவர், ஆளுநரின் சித்திரவதைக்கு ஆளான அந்த இரண்டு பெண்கள்.

178ஆம் ஆண்டை ஒட்டிக் கிறிஸ்தவத்துக்கு எதிராக நூல் எழுதிய கெல்சு இன்னும் தெளிவாகச் சொல்கிறார். கம்பளி நெய்கிறவர்களும் செருப்புத் தைக்கிறவர்களும் வெளுக்கிறவர்களும் எசமானர் முன் வாய் திறக்க மாட்டார்கள். ஆனால் பிள்ளைகளும் பெண்களும் தனியாக அகப்பட்டால் பேசத் தொடங்கிவிடுவார்கள். பட்டறைக்கு வா, அங்கே சொல்கிறேன் என்பார்கள். இது அவர் ஏளனத்தோடு தீட்டிய சித்திரம். அந்த ஏளனத்தை நீக்கிப் பார்த்தால், ஆதிச் சபை வளர்ந்த விதத்தை அருகிலிருந்து பார்த்த ஒருவரின் சாட்சி மிஞ்சும். மேடை இல்லை, பட்டம் இல்லை. பட்டறையின் மூலையில், துணி துவைக்கும் துறையில், பிள்ளையைத் தூங்கவைக்கும் தாதியின் மடியில் அது வளர்ந்தது.

எண்களும் அதைத்தான் சொல்கின்றன. சமூகவியலாளர் ராட்னி ஸ்டார்க் 1996இல் வெளியிட்ட நூலில் ஒரு மதிப்பீடு தந்தார். 40ஆம் ஆண்டில் 1,000 பேர் என்று வைத்துக்கொண்டு, பத்தாண்டுக்கு 40 விழுக்காடு வளர்ச்சி என்று கணக்கிட்டால், 300ஆம் ஆண்டில் 60 லட்சத்தைத் தாண்டுகிறது. பேரரசின் மக்கள்தொகையில் ஏறத்தாழப் பத்தில் ஒன்று. இது மதிப்பீடுதான். நடபடிகள் நூல் சொல்லும் 3,000, 5,000 என்ற தொகைகளை அவர் அப்படியே ஏற்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்தக் கணக்கில் ஒரு புள்ளியைப் பாருங்கள். 100ஆம் ஆண்டு, அதாவது அப்போஸ்தலர் எல்லாரும் இறந்துவிட்ட காலம், கிறிஸ்தவர்கள் சுமார் 7,500 பேர். ஸ்டார்க் சொன்னதைவிடப் பத்து மடங்கு கூட்டிக்கொண்டாலும், மீதி 60 லட்சத்துக்கு அருகில் வருகிறவர்களை அப்போஸ்தலர் கண்ணால்கூடக் கண்டதில்லை. பத்தாண்டுக்கு 40 விழுக்காடு என்பது அற்புதக் கூட்டங்களால் வருகிற வேகம் அல்ல. பத்துப் பேர் இருக்கும் ஒரு வீட்டுச் சபை பத்தாண்டில் பதினான்கு பேராகிறது. அண்டை வீட்டார், மருமகள், கடை வேலையாள், நோயில் பார்த்துக்கொண்டதால் நெருங்கி வந்தவர். அவ்வளவே போதும்.

அப்படி ஒரு வீடு நம் கண்முன்னும் இருக்கிறது. யூப்ரடீஸ் நதிக்கரையில், இன்றைய சிரியாவில், தூரா எவ்ரோப்பு என்ற கோட்டை நகரத்தை அகழ்ந்தபோது மண்ணுக்குள் முழுசாக ஒரு வீட்டுச் சபை கிடைத்தது. சாதாரண முற்றம் வைத்த வீடு. இரண்டு அறைகளுக்கு நடுவிலிருந்த சுவரை இடித்துக் கூடுவதற்கு ஒரே கூடமாக்கியிருக்கிறார்கள். இன்னொரு சிறு அறையில் ஞானஸ்நானத் தொட்டி. அதைச் சுற்றிச் சுவரில் ஓவியங்கள். அவற்றில் பெரியதில் கையில் விளக்கேந்திப் பெண்கள் வரிசையாக நடந்து வருகிறார்கள். 256ஆம் ஆண்டை ஒட்டிப் பாரசீகர் நகரத்தை முற்றுகையிட்டபோது மதிலைப் பலப்படுத்தக் கொட்டிய மண்ணே அந்த வீட்டை மூடிக் காப்பாற்றியது. அந்த வீட்டுக்காரர் யார், சுவரை இடிக்கச் சம்மதித்தவர் யார் என்று யாருக்கும் தெரியாது.

ஆப்பிரிக்காவில் 180ஆம் ஆண்டு கார்த்தேஜில் கொல்லப்பட்ட சில்லியூர்ப் பன்னிருவரையும் இங்கே நிறுத்த வேண்டும். ஏழு ஆண்கள், ஐந்து பெண்கள், சாதாரண ஊர்க்காரர்கள். உங்கள் பெட்டியில் என்ன இருக்கிறது என்று ஆளுநர் கேட்டபோது, நூல்களும் பவுலின் நிருபங்களும் என்றார்கள். அந்த மண்ணில் கிறிஸ்தவத்தை விதைத்தவர் யாரென்று தெரியாது. ஆனால் அப்போஸ்தலர் அங்கே வந்திருக்கிறார், ஒரு பெட்டிக்குள் காகிதமாக. அவரைச் சுமந்து வந்தது அந்த ஊர்க்காரர்களின் தோள். அப்போஸ்தலருக்கும் மற்றவர்களுக்கும் இருந்த உறவை இதைவிடச் சரியாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

தோமாவைப் பற்றிக் கேட்பீர்கள். பரங்கிமலையும் சாந்தோமும் இருக்கும் ஊரில் எழுதிக்கொண்டு அதைத் தவிர்க்க முடியாது. அந்த மரபின்மேல் எனக்கு மரியாதை உண்டு. அதை முதலில் விரிவாகச் சொல்லும் ‘தோமா நடபடிகள்’ சீரிய மொழியில் 3ஆம் நூற்றாண்டில் எழுந்தது. அதில் இந்தியாவுக்குப் போகத் தயங்கிய தோமா, ஹப்பான் என்ற வணிகனிடம் தச்சுவேலை தெரிந்த அடிமையாக விற்கப்பட்டு இங்கே வருகிறார். அப்போஸ்தலரை உயர்த்த எழுதிய கதைகூட அவர் வணிகன் கப்பலில்தான் வர முடியும் என்பதை மறக்கவில்லை. தென்னிந்தியக் கிறிஸ்தவத்துக்குக் கையில் தொட்டுப் பார்க்கும் பழைய ஆவணம் வேண்டுமென்றால் 849ஆம் ஆண்டின் தரிசாப்பள்ளிச் செப்பேடுகளைப் பாருங்கள். கொல்லத்தில் ஒரு பள்ளிக்கு வேணாட்டு அய்யனடிகள் வட்டெழுத்தில் எழுதிக்கொடுத்த கொடை அது. பள்ளியைக் கட்டியவர் மருவான் சபீர் ஈசோ. வணிகர் தலைவர். கடைசி ஏட்டில் அரபு, பகலவி, எபிரேய எழுத்துகளில் சாட்சிக் கையெழுத்துகள் இருக்கின்றன. கடல்வழி வந்த வியாபாரிகளின் கையெழுத்துகள். நம் கரையில் விசுவாசத்தை நிலைநிறுத்தியவர்கள் மருவான் சபீர் ஈசோ போன்ற வணிகர்கள். எத்தனை ஆலயங்களில் அவர்களுக்கு ஒரு விழா இருக்கிறது?

அப்போஸ்தலர் கதை செய்த கேடுகளில் எனக்கு மிகவும் வலிப்பது பெண்களுக்கு நேர்ந்தது. ரோமர் நிருபத்தைக் கெங்கிரேயாவிலிருந்து ரோமுக்குக் கொண்டுபோனவர் பெபேயாள் என்பதே பெரும்பாலோர் முடிவு. அவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல் பிலிப்பியர் நிருபத்தின் தொடக்கத்தில் ஆண்களோடு வரும்போது நம் பழைய தமிழ் வேதாகமத்தில் ‘உதவிக்காரர்’ என்ற பதவிப்பெயர் ஆகிறது. பெபேயாளிடம் வரும்போது ‘ஊழியக்காரி’ என்று சுருங்குகிறது. அப்பொல்லோ என்ற கல்விமானைத் தனியே அழைத்துத் திருத்திப் போதித்தவர்கள் கூடாரம் செய்து பிழைத்த பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும். ரோமர் நிருபத்தில் பவுல் மனைவி பிரிஸ்கில்லாளின் பெயரை முதலில் எழுதுகிறார். அந்திரோனீக்குவோடு அப்போஸ்தலருக்குள் பேர்பெற்றவராக வாழ்த்துப் பெறும் யூனியா பெண் என்பதைக் கிரேக்கம் தெரிந்த கிறிசோஸ்தோம் 4ஆம் நூற்றாண்டிலேயே புகழ்ந்து பேசினார். 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அச்சான கிரேக்கப் பதிப்புகளோ அந்தப் பெயரை ஆண்பெயராக மாற்றி அச்சிட்டன. ஒரு பெண் அப்போஸ்தலராக இருக்க முடியாது என்று முன்பே முடிவு செய்துவிட்டதால் எழுத்தையே திருத்தினார்கள். பன்னிரண்டு ஆண்களின் கதை என்று ஒரு முறை சொல்லிவிட்டால், அதற்குள் அடங்காத உண்மை வரும்போது உண்மைதான் வெட்டுப்படும்.

இன்று பெயருக்கு முன்னால் அப்போஸ்தலர் என்று போட்டுக்கொள்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ‘திதாகே’ என்ற ஆதிச் சபையின் சிறு கையேட்டில் ஊர் ஊராகப் போகிற அப்போஸ்தலரை எப்படி நடத்துவது என்று விதி இருக்கிறது. வருகிறவரை ஆண்டவரைப்போல ஏற்றுக்கொள்ளுங்கள். ஒரு நாள் தங்கலாம், தேவையானால் இரண்டாம் நாளும் தங்கலாம். மூன்றாம் நாளும் தங்கினால் அவர் கள்ளத் தீர்க்கதரிசி. போகும்போது பணம் கேட்டாலும் கள்ளத் தீர்க்கதரிசி. அந்த நாளில் அப்போஸ்தலர் என்பது பதவி அல்ல, வழிப்போக்கு ஊழியம். அதைச் சோதிக்கும் அதிகாரம் ஊர்ச்சபையின் கையில் இருந்தது. சபையை வளர்க்க அப்போஸ்தலர் வேண்டும் என்று அன்று யாரும் ஏங்கவில்லை. சபை தானாகவே வளர்ந்துகொண்டிருந்தது. இன்று ஏங்குகிறோம் என்றால், சபையார் தங்கள் வேலையை மேடையிலிருப்பவரிடம் ஒப்படைத்துவிட்டார்கள் என்று பொருள். ஒப்படைக்கச் சொல்லிக்கொடுத்தது இந்தக் கதைதான்.

நடபடிகள் 12ஆம் அதிகாரத்தில் ஒரு காட்சி. நள்ளிரவில் சிறையிலிருந்து தப்பிய பேதுரு, மாற்கின் தாய் மரியாளின் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். உள்ளே சபை கூடி அவருக்காக ஜெபித்துக்கொண்டிருக்கிறது. ரோதை என்ற வேலைக்காரப் பெண் வந்து கேட்கிறாள். குரலை அடையாளம் கண்டுகொள்கிறாள். சந்தோஷத்தில் கதவைத் திறக்காமலே உள்ளே ஓடிப் பேதுரு வாசலில் நிற்கிறார் என்கிறாள். நீ பிதற்றுகிறாய் என்கிறார்கள் ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள். அவள் விடாமல் உறுதியாகச் சொல்கிறாள். பேதுரு தட்டிக்கொண்டே நிற்கிறார். அந்தச் சபை கூடியது ஒரு பெண்ணின் வீட்டில். அப்போஸ்தலரின் குரலை முதலில் அறிந்தது அந்த வீட்டு வேலைக்காரி. அவளை நம்பாதவர்கள் சபையார். இந்த அதிகாரத்தை நாம் பேதுருவின் விடுதலை என்று மட்டுமே பிரசங்கிக்கிறோம்.

வேதபாட வகுப்பு எடுக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பன்னிரண்டு அப்போஸ்தலரின் பெயர்களைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்விக்கிறீர்கள். செய்யுங்கள். அதே வாரத்தில் ரோமர் நிருபத்தின் 16ஆம் அதிகாரத்தையும் வாசிக்கச் சொல்லுங்கள். பெபேயாள், பிரிஸ்கில்லாள், யூனியா, பெர்சியாள், திரிபேனாள், திரிபோசாள், ரூபுவின் தாய், நிருபத்தைக் கையால் எழுதிய தெர்தியு. பிறகு அந்தியோகியாவில் கிரேக்கரிடம் முதலில் பேசியவர் யார் என்று கேளுங்கள். பெயர் தெரியாது என்பதுதான் சரியான விடை. அந்த விடைக்கு முழு மதிப்பெண் கொடுங்கள்.